பத்து லட்சத்துக்குள் ஆட்டோமேட்டிக் செடான்: வாங்கும் முன் எழும் கேள்விகள்

கிளட்ச் மிதித்து மிதித்து முழங்கால் வலிக்கிறது, வீட்டில் இரண்டு பேர் ஓட்ட வேண்டும், ஊருக்குப் போனால் பெட்டி படுக்கையெல்லாம் டிக்கியில் அடங்க வேண்டும், விலையும் கைக்குள் இருக்க வேண்டும். இப்படித் தேடுகிறவர்களுக்கு இந்தியச் சந்தையில் முக்கியமாக நான்கு கார்கள் உள்ளன: மாருதி சுசுகி டிசையர், ஹோண்டா அமேஸ், ஹூண்டாய் ஆரா, டாடா டிகோர். நான்கிலும் கிளட்ச் பெடல் இல்லாத வேரியன்ட் கிடைக்கிறது. ஆனால் உள்ளே இருக்கும் கியர்பாக்ஸ் ஒரே வகை அல்ல. காரின் பெயருக்கு முன்னால் கியர்பாக்ஸின் பெயரைக் கேளுங்கள் என்பதுதான் இந்தப் பக்கம் முழுவதும் நான் சொல்ல வருவது.

இந்தக் கார்கள் எல்லாமே ஏன் நான்கு மீட்டருக்குள் அடங்குகின்றன?

வரிதான் காரணம். நான்கு மீட்டருக்குக் குறைவான நீளமும், பெட்ரோல் என்றால் 1200 சி.சி.க்கு உட்பட்ட எஞ்சினும் உள்ள கார்களுக்கு 2006 முதல் மத்திய அரசு குறைந்த வரி விதிக்கிறது. 2008-ல் வந்த முதல் டிசையர் 4160 மி.மீ. நீளம். வரிச் சலுகைக்காக 2012-ல் பின்பக்கத்தைச் சுருக்கி 3995 மி.மீ. ஆக்கினார்கள். அந்த டிசையரின் பின்பக்கம் வெட்டி ஒட்டியதுபோல் தெரிந்தது அதனால்தான். பிறகு வந்த தலைமுறைகளில் வடிவம் நன்றாகவே கூடி வந்துவிட்டது.

2025 செப்டம்பர் 22 முதல் இந்த வகைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். அதற்கு முன் செஸ்ஸையும் சேர்த்து 29 சதவீதம் வந்துகொண்டிருந்தது. நான்கு மீட்டரையோ 1200 சி.சி.யையோ தாண்டிய பெட்ரோல் கார்களுக்கு இப்போது 40 சதவீதம். ஒரு சைஸ் பெரிய செடானுக்கும் இவற்றுக்கும் விலையில் அவ்வளவு இடைவெளி இருப்பது இதனால்தான்.

ஏ.எம்.டி., சி.வி.டி. என்கிறார்களே, இரண்டும் ஆட்டோமேட்டிக்தானே?

இரண்டிலும் இடது காலுக்கு வேலை கிடையாது. ஆனால் வேலை நடக்கும் விதம் முற்றிலும் வேறு.

ஏ.எம்.டி. என்பது சாதாரண மேனுவல் கியர்பாக்ஸ்தான். அதே பல்சக்கரங்கள், அதே கிளட்ச் பிளேட். நீங்கள் காலால் கிளட்ச்சை மிதித்துக் கையால் கியரை மாற்றும் வேலையை, ஒரு கணினியும் அது சொல்வதைக் கேட்டு இயங்கும் மோட்டார்களும் செய்கின்றன. கிளட்ச்சை விடுவித்து, கியரை மாற்றி, மறுபடி சேர்க்க ஒரு சிறு இடைவெளி ஆகும். அந்த இடைவெளியில் கார் இழுப்பதை நிறுத்திவிட்டு மீண்டும் இழுக்கும். உள்ளே இருப்பவர்களின் தலை லேசாக முன்னும் பின்னும் ஆடும். இந்தியாவில் இதைப் பரவலாக்கியது 2014-ல் வந்த மாருதி செலேரியோ. அதே ஆண்டில் டாடா ஜெஸ்ட் டீசலில் இது சின்னச் செடானுக்கும் வந்தது. இன்று டிசையர், ஆரா, டிகோர் மூன்றிலும் இருப்பது ஏ.எம்.டி. தான். மாருதி இதை ஏ.ஜி.எஸ். என்று அழைக்கிறது. பெயரைக் கேட்டு வேறு ஏதோ என்று நினைத்துவிடாதீர்கள்.

சி.வி.டி.யில் தனித்தனி கியர்களே இல்லை. கூம்பு வடிவில் விரிந்து சுருங்கும் இரண்டு புல்லிகள், நடுவில் ஓர் எஃகு பெல்ட். புல்லிகளின் விட்டம் மாற மாற எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் உள்ள விகிதம் படிகளே இல்லாமல் மாறிக்கொண்டிருக்கும். கியர் விழும் குலுக்கல் என்ற பேச்சே இல்லை. இந்த நான்கில் அமேஸில் மட்டும்தான் இது இருக்கிறது. அதில் காரை நகர்த்தத் தொடங்கும் வேலையை டார்க் கன்வர்ட்டர் என்ற எண்ணெய் வழி இணைப்பு செய்கிறது. அதனால் சிக்னலில் நின்று நின்று நகரும்போதுகூடக் கார் வழுக்கிக்கொண்டு போவதுபோல் இருக்கும்.

விலையில் எவ்வளவு வித்தியாசம்?

விலை அடிக்கடி மாறுவதால் இன்றைய விலையை ஷோரூமில்தான் கேட்க வேண்டும். ஆனால் இரண்டு தொழில்நுட்பங்களுக்கும் உள்ள இடைவெளியைப் புரிந்துகொள்ள 2024 கடைசியில் அறிமுகமான புதிய மாடல்களின் தொடக்க விலையைப் பார்க்கலாம். டிசையரின் ஒரே வேரியன்ட்டில் மேனுவலுக்கும் ஏ.எம்.டி.க்கும் 45,000 ரூபாய் வித்தியாசம். அமேஸின் தொடக்க வேரியன்ட்டில் மேனுவல் 7,99,900, சி.வி.டி. 9,19,900. வித்தியாசம் 1,20,000.

ஏ.எம்.டி. ஏன் மலிவு என்பதும் இப்போது விளங்கும். ஏற்கெனவே இருக்கும் மேனுவல் கியர்பாக்ஸின் மேல் ஓர் இயக்கக் கருவியைப் பொருத்துகிறார்கள், அவ்வளவுதான். சி.வி.டி. முழுக்க வேறொரு இயந்திரம்.

தமிழ்நாட்டில் பதிவு செய்யும்போது கவனிக்க வேண்டியது ஏதாவது உண்டா?

உண்டு, பலரும் கோட்டைவிடும் இடம் இது. 2023 நவம்பர் முதல் தமிழ்நாட்டில் புதிய காருக்கான ஆயுள்கால வரி விலையைப் பொறுத்து அடுக்கடுக்காக ஏறுகிறது. 5 லட்சம் வரை 12 சதவீதம், 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20.

பத்து லட்சக் கோட்டைக் கவனியுங்கள். 9,90,000 ரூபாய்க் காருக்கு வரி 1,28,700. 10,10,000 ரூபாய்க் காருக்கு 1,81,800. காரின் விலை ஏறியது 20,000 தான், வரியில் ஏறியது 53,100. ஆட்டோமேட்டிக்கும் வேண்டும், மேல் வேரியன்ட்டும் வேண்டும் என்று போகும்போது விலை சரியாக இந்தக் கோட்டின் அருகில்தான் வந்து நிற்கும். சன்ரூஃப்புக்காகவோ பெரிய திரைக்காகவோ கோட்டைத் தாண்டுவதற்கு முன், இரண்டு வேரியன்ட்டுக்கும் ஆன்-ரோடு விலையைத் தனித்தனியாக எழுதி வாங்குங்கள். இன்சூரன்ஸ், அக்சஸரீஸ், 'ஹேண்ட்லிங்' என்று போடும் தொகை எல்லாம் தனித்தனி வரியாக அந்தத் தாளில் இருக்க வேண்டும்.

ஆட்டோமேட்டிக் என்றால் பெட்ரோல் குடிக்குமே?

பழைய கதை அது. 2012 டிசையரில் நான்கே கியர் கொண்ட பழைய வகை ஆட்டோமேட்டிக் இருந்தது. அப்போது அந்தப் பேச்சில் நியாயம் இருந்தது. இன்று அரசு அங்கீகாரம் பெற்ற ஏ.ஆர்.ஏ.ஐ. சோதனையில் டிசையர் மேனுவல் லிட்டருக்கு 24.79 கி.மீ., ஏ.எம்.டி. 25.71. அமேஸ் மேனுவல் 18.65, சி.வி.டி. 19.46. இரண்டிலுமே ஆட்டோமேட்டிக்தான் ஒரு படி மேலே நிற்கிறது.

இவை சோதனைக் கூடத்து எண்கள். சென்னை ஓ.எம்.ஆர். சாலையின் மாலை நெரிசலில் ஏ.சி. போட்டுக்கொண்டு ஊர்ந்தால் எந்தக் காரும் இந்தக் கணக்கின் பக்கத்தில்கூட வராது. ஆனால் ஒரு காரையும் இன்னொரு காரையும் ஒப்பிட இந்த எண்கள் உதவும். டிசையரில் 2024 முதல் இருப்பது மூன்று சிலிண்டர் எஞ்சின், 82 பி.எஸ். (குதிரைத்திறன்). அமேஸில் நான்கு சிலிண்டர், 90 பி.எஸ். மைலேஜ்தான் முதல் கவலை என்றால் டிசையர். எஞ்சின் சத்தமும் அதிர்வும் குறைவாக இருக்க வேண்டுமென்றால் நான்கு சிலிண்டர் உள்ள அமேஸையோ ஆராவையோ ஓட்டிப் பாருங்கள். டிகோரும் மூன்று சிலிண்டர்தான்.

டீசலில் கிடைக்குமா? சி.என்.ஜி.யில்?

டீசல் இந்த வகையில் இப்போது இல்லை. நான்கு நிறுவனங்களும் ஒவ்வொன்றாக நிறுத்திவிட்டன. சி.என்.ஜி.யும் ஆட்டோமேட்டிக்கும் சேர்ந்து வேண்டுமென்றால் டிகோரைப் பாருங்கள். 2024-ல் டியாகோவோடு சேர்ந்து, இந்தியாவில் முதன்முதலாக ஏ.எம்.டி.யுடன் சி.என்.ஜி. தந்தது அதுதான். ஒரே பெரிய சிலிண்டருக்குப் பதில் இரண்டு சிறியவற்றைத் தரைக்கடியில் வைத்திருப்பதால் டிக்கியில் கொஞ்சம் இடமும் மிஞ்சுகிறது. உங்கள் வழக்கமான பாதையில் சி.என்.ஜி. பங்க் எங்கே, வரிசை எவ்வளவு நீளம் என்பதைப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

மேட்டில் ஏ.எம்.டி. பின்னால் உருளும் என்கிறார்களே, உண்மையா?

உண்மை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பேஸ்மென்ட் பார்க்கிங் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்புகளில் இது தினசரிப் பிரச்சினை.

சமதளத்தில் பிரேக்கிலிருந்து காலை எடுத்தால் ஏ.எம்.டி. கார் தானாக மெல்ல ஊரும். ஏற்றத்தில் அந்த ஊர்தல் போதாது. பிரேக்கை விட்டு ஆக்சிலரேட்டருக்குக் கால் போவதற்குள் கார் பின்னால் உருளும். மேனுவலில் நீங்கள் பாதி கிளட்ச்சில் பிடித்து நிறுத்துவீர்கள். இங்கே கிளட்ச் உங்கள் கையில் இல்லை. அதனால்தான் ஹில் ஹோல்டு வசதி முக்கியம். பிரேக்கை விட்ட பிறகும் ஓரிரு நொடி அது காரைப் பிடித்து வைக்கும். டிசையர் ஏ.எம்.டி.யில் அது உண்டு. எந்தக் காராக இருந்தாலும், நீங்கள் வாங்கும் வேரியன்ட்டிலேயே இருக்கிறதா என்று கேட்டு உறுதி செய்யுங்கள். ஹில் ஹோல்டு இல்லாத பழைய காராக இருந்தால் ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, ஆக்சிலரேட்டர் கொடுத்து, கார் இழுக்கத் தொடங்கியதும் ஹேண்ட்பிரேக்கை விடுங்கள். டிரைவிங் ஸ்கூலில் சொல்லித்தந்த அதே முறைதான்.

செய்யவே கூடாத ஒன்று: ஏற்றத்தில் பிரேக் போடாமல், ஆக்சிலரேட்டரை லேசாக மிதித்துக்கொண்டே காரை அந்தரத்தில் நிறுத்தி வைப்பது. கிளட்ச் பிளேட் அரைபட்டுக்கொண்டே இருக்கும், சூடேறும், தீய்ந்த வாடை வரும். ஏ.எம்.டி. கிளட்ச் சீக்கிரம் போய்விட்டது என்று புலம்புகிறவர்கள் பலருடைய பழக்கம் இதுவாக இருக்கும். கால் பிரேக்கில் இருக்கட்டும், முன்னால் இருக்கும் வண்டி நன்றாக நகர்ந்த பிறகு ஒரே மூச்சில் ஏறுங்கள்.

சி.வி.டி.யில் இந்தத் தொல்லை மிகக் குறைவு.

மலைப்பாதைக்கு எது நல்லது?

ஏற்காட்டுக்கு 20 கொண்டை ஊசி வளைவுகள், வால்பாறைக்கு 40, கொல்லிமலைக்கு 70. ஏறும்போது ஏ.எம்.டி. சில சமயம் தடுமாறும். வளைவுக்கு முன் வேகம் குறைந்ததும் மூன்றாவது கியரிலேயே இருக்கும். நீங்கள் திரும்பி அழுத்தும்போதுதான் இரண்டாவதைத் தேடும். வளைவுக்கு முன்பே கியர் லீவரை 'எம்' (நீங்களே கியர் மாற்றும் மேனுவல் நிலை) பக்கம் தள்ளி, இரண்டாவதில் நீங்களே வைத்துவிடுங்கள். இது மேனுவலில் ஓட்டிப் பழகியவர்களுக்கு இயல்பாகவே வரும்.

இறங்கும்போது இரண்டு வகையிலும் கவனம் வேண்டும். 'டி'யில் (தானாகக் கியர் மாறும் டிரைவ் நிலை) போட்டுவிட்டு முழுக்கப் பிரேக்கை நம்பி இறங்கினால் பிரேக் சூடாகிப் பிடிமானம் குறையும். ஏ.எம்.டி.யில் 'எம்' போட்டு இரண்டாவது கியர். சி.வி.டி.யில் கியர் லீவரின் தாழ்ந்த நிலை, அல்லது ஸ்டீயரிங்குக்குப் பின்னால் விரலால் கியர் குறைக்கும் பேடில் இருந்தால் அது. எந்தக் கியரில் ஏறினீர்களோ அந்தக் கியரில் இறங்குங்கள் என்று லாரி டிரைவர்கள் சொல்வது ஆட்டோமேட்டிக்குக்கும் பொருந்தும். எக்காரணம் கொண்டும் 'என்'னில் (நியூட்ரலில்) உருட்டிவிட்டு இறங்க வேண்டாம்.

இருவழிச் சாலையில் பஸ்ஸை ஓவர்டேக் செய்யத் தைரியமாக இருக்குமா?

யோசித்துச் செய்ய வேண்டிய இடம். ஏ.எம்.டி.யில் சட்டென்று அழுத்தினால் கியரைக் குறைக்க ஒரு கணம் எடுத்துக்கொள்ளும். எதிரில் வண்டி வரும்போது அந்தக் கணம் மிக நீளமானது. ஓவர்டேக்குக்கு வெளியே வருவதற்கு முன்பே 'எம்'மில் ஒரு கியர் குறைத்துக்கொள்ளுங்கள். சி.வி.டி.யில் தயக்கம் குறைவு. ஆனால் முழுக்க அழுத்தினால் எஞ்சின் சத்தம் முன்னால் போகும், வேகம் பின்னால் வரும். புதிதாக ஓட்டுபவர்கள் ஏதோ கோளாறு என்று பயப்படுகிறார்கள். கோளாறு இல்லை, அதன் இயல்பே அது. அமைதியாக, படிப்படியாக அழுத்தினால் சத்தமும் குறையும்.

மேனுவலிலிருந்து மாறுகிறேன். எதைக் கவனிக்க வேண்டும்?

இடது காலை. அதை ஃபுட்ரெஸ்டில் வைத்துவிட்டு மறந்துவிடுங்கள். கிளட்ச் மிதித்துப் பழகிய இடது கால், அவசரத்தில் தானாக எழும்பி அகலமான பிரேக் பெடலைக் கிளட்ச் என்று நினைத்து முழு பலத்துடன் மிதிக்கும். கார் அப்படியே குத்திட்டு நிற்கும், பின்னால் வருபவர் இடிப்பார்.

இன்னும் பெரிய ஆபத்து வலது காலில். பார்க்கிங்கில் நிறுத்தும்போது பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்துச் சுவரிலும், சில நேரம் ஆட்களின் மேலும் மோதிய விபத்துகள் நடக்கின்றன. மேனுவலில் கிளட்ச்சை மிதித்தால் கார் விடுபட்டுவிடும். இங்கே அந்தத் தப்பிக்கும் வழி இல்லை. ஆகவே வலது குதிகாலைப் பிரேக்குக்கு நேராகத் தரையில் ஊன்றி, பாதத்தை மட்டும் ஆக்சிலரேட்டர் பக்கம் திருப்பப் பழகுங்கள். நிறுத்தும் இடத்தில் ஆக்சிலரேட்டரே வேண்டாம். கார் தானாக ஊர்வதே போதும், பிரேக்கால் மட்டும் கட்டுப்படுத்துங்கள். கழன்று விழும் செருப்போடு ஓட்ட வேண்டாம். 'டி'யிலிருந்து 'ஆர்'க்கு (ரிவர்ஸ்) மாற்றும்போது கார் முழுசாக நின்றிருக்க வேண்டும், கால் பிரேக்கில் இருக்க வேண்டும்.

வீட்டில் அப்பா அறுபது வயதுக்குப் பிறகு முதன்முறையாக ஆட்டோமேட்டிக்குக்கு மாறுகிறார் என்றால், சாவியைக் கொடுத்துவிட்டு விட்டுவிடாதீர்கள். சில நாட்கள் காலியான மைதானத்தில் பக்கத்தில் உட்கார்ந்து நின்று நகர்வதையும் ரிவர்ஸ் எடுப்பதையும் மட்டும் பழக்குங்கள். பெரியவர்களுக்கு இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கும். ஆனாலும் சொல்லுங்கள்.

லைசென்ஸ் தனியாக எடுக்க வேண்டுமா?

வேண்டாம். கியர் உள்ளது, இல்லாதது என்ற பிரிவு இருசக்கர வாகனத்துக்குத்தான். காருக்கு எல்.எம்.வி. (இலகுரக வாகன) லைசென்ஸ் ஒன்றே.

ஏ.எம்.டி.யில் 'பி' (பார்க்கிங் நிலை) இல்லையே, எப்படி நிறுத்துவது?

டிசையர் போன்ற ஏ.எம்.டி. கார்களில் 'ஆர்', 'என்', 'டி', 'எம்' மட்டும் இருக்கும். சமதளத்தில் ஹேண்ட்பிரேக் போதும். சரிவில் ஹேண்ட்பிரேக்கோடு கியரிலும் விட்டு எஞ்சினை அணையுங்கள். முகம் ஏற்றத்தைப் பார்த்து நின்றால் 'டி', இறக்கத்தைப் பார்த்து நின்றால் 'ஆர்'. சி.வி.டி.யில் 'பி' உண்டு. ஆனால் அங்கேயும் முதலில் ஹேண்ட்பிரேக், பிறகு 'பி'. இல்லாவிட்டால் காரின் முழு எடையும் கியர்பாக்ஸுக்குள் இருக்கும் ஒரு சின்னக் கொக்கியின் மேல் போய் விழும்.

பாதுகாப்பு எப்படி?

டிசையர் 2024-ல் குளோபல் என்கேப் மோதல் சோதனையில் பெரியவர்களுக்கான பாதுகாப்பில் ஐந்து நட்சத்திரம் வாங்கியது. அடுத்த ஆண்டு பாரத் என்கேப்பிலும் ஐந்து. மாருதி கார் என்றாலே தகரம் என்ற பேச்சுக்கு இது நல்ல பதில். டிகோர் 2020-ல் குளோபல் என்கேப்பில் நான்கு நட்சத்திரம் பெற்றது. டிசையர், அமேஸ், ஆரா மூன்றிலும் ஆறு ஏர்பேக் எல்லா வேரியன்ட்டிலும் வருகிறது. டிகோரில் வேரியன்ட் வாரியாகக் கேட்டுக்கொள்ளுங்கள். அமேஸின் மேல் வேரியன்ட்டில் கேமரா உதவியுடன் தானாகப் பிரேக் போடும் வசதியும் உண்டு. ஆனால் பின்சீட்டில் உட்காருபவர்கள் பெல்ட் போடாவிட்டால் இவை எதுவும் அவர்களைக் காப்பாற்றாது.

டிக்கியும் உட்காரும் இடமும் போதுமா?

டிசையர் 382 லிட்டர், ஆரா 402, அமேஸ் 416, டிகோர் 419. நான்கு பேர் பொங்கலுக்கு ஊர் போய்வர எதுவும் போதும். பின்சீட்டில் மூன்று பெரியவர்கள் நெடுந்தூரம் போவது நான்கிலும் நெருக்கடிதான்.

மூட்டு வலி உள்ள பெரியவர்கள் வீட்டில் இருந்தால் அவர்களையும் ஷோரூமுக்கு அழைத்துப்போய் ஏறி இறங்கச் சொல்லுங்கள். செடானின் இருக்கை தாழ்வு. உட்காருவது எளிது, எழுவதுதான் சிரமம். அவர்களால் முடியவில்லை என்றால் இதே விலையில் உயரமான சின்ன எஸ்.யு.வி.யைப் பார்ப்பதே சரி, டிக்கிக்காகப் பிடிவாதம் வேண்டாம். தரை இடைவெளி டிசையரில் 163 மி.மீ., அமேஸில் 172. ஐந்து பேரும் சாமானும் ஏறிய பிறகு உங்கள் தெரு வேகத்தடையில் இந்த வித்தியாசம் தெரியும்.

கடைசியாக, எதை வாங்கலாம்?

வாரத்தில் பெரும்பகுதி நகர நெரிசலிலேயே கழிகிறது, பணமும் கொஞ்சம் கூடுதலாகப் போடலாம் என்றால் அமேஸ் சி.வி.டி. என் முதல் தேர்வு. அந்தக் கூடுதல் தொகைக்கு ஒவ்வொரு சிக்னலிலும் பலன் தெரியும். மாதம் முழுக்க ஓட்டம் அதிகம், மைலேஜும் சின்ன ஊர்களிலும் கிடைக்கும் சர்வீஸும் முக்கியம் என்றால் டிசையர் ஏ.எம்.டி. சி.என்.ஜி. வேண்டுமென்றால் டிகோர். ஆரா, அமேஸுக்கும் டிசையருக்கும் நடுவில் நிற்கிறது: நான்கு சிலிண்டரின் அமைதி, ஏ.எம்.டி.யின் விலை. அது ஸ்ரீபெரும்புதூர் அருகே இருங்காட்டுக்கோட்டையில் தயாராகும் கார் என்பது நம் ஊர்க்காரர்களுக்குக் கூடுதல் பிடிப்பு.

டெஸ்ட் டிரைவை ஷோரூம்காரர் சொல்லும் காலியான சாலையில் முடித்துவிடாதீர்கள். மாலை ஆறு மணிக்கு, வீட்டில் அதிகம் ஓட்டப் போகிறவரே, நான்கு பேரை ஏற்றிக்கொண்டு, ஒரு மேம்பாலத்தின் ஏற்றத்தில் நின்று கிளம்பிப் பார்க்க வேண்டும்.

செகண்ட் ஹேண்டில் வாங்கினால்?

ஏ.எம்.டி. என்றால் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதும், அரை மணி நெரிசலில் ஓட்டிய பிறகும் இரண்டு முறை பாருங்கள். கிளம்பும்போது உதறினாலோ, ஆக்சிலரேட்டர் கொடுத்தும் எஞ்சின் மட்டும் உறுமி வேகம் வராவிட்டாலோ கிளட்ச் தேய்ந்திருக்கிறது. மாற்றும் செலவு மேனுவலைவிட அதிகம், மாற்றிய பின் கணினிக்குப் புதிய கிளட்ச்சைப் பழக்கும் வேலையும் உண்டு. அந்தத் தொகையை விலையில் கழியுங்கள். சி.வி.டி. என்றால் சர்வீஸ் புத்தகத்தைத் திறந்து கியர்பாக்ஸ் ஆயில் எப்போது மாற்றியிருக்கிறார்கள் என்று பாருங்கள். கையேடு சொல்லும் கெடுவில், அந்த நிறுவனம் சொல்லும் அதே ஆயில்தான் ஊற்றியிருக்க வேண்டும். பதிவே இல்லை என்றால் வேறு காரைத் தேடுங்கள்.

வழியில் நின்றுவிட்டால் கயிறு கட்டி இழுக்கலாமா?

சி.வி.டி. காரை முன்சக்கரம் தரையில் உருளும்படி இழுக்கவே கூடாது. எஞ்சின் ஓடாதபோது உள்ளே ஆயில் சுற்றாது, பெல்ட்டும் புல்லியும் உரசிக் கெடும். நான்கு சக்கரமும் மேலே ஏறும் லாரியை வரச்சொல்லுங்கள். ஏ.எம்.டி.யில் பேட்டரி இறங்கிவிட்டால் தள்ளி ஸ்டார்ட் செய்ய முடியும் என்று எண்ண வேண்டாம், கியரையும் கிளட்ச்சையும் இயக்கவே அதற்கு மின்சாரம் வேண்டும். டிக்கியில் ஒரு ஜம்பர் கேபிள் வைத்திருங்கள், இன்சூரன்ஸ் எடுக்கும்போது சாலை உதவியையும் சேர்த்து எடுங்கள்.